ஒரே கம்பியில் இரண்டு வீடு

செப்டம்பர் 1, 2018, சனி

காலை ஆறு மணிக்கே எதிர்வீட்டில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டுவிட்டார்கள். பிலிப்பைன்ஸில் செப்டம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் பிறந்த மாதிரிதான். முப்பத்து மூன்று வருஷமாக லாஸ் பான்யோஸில் இருக்கிறேன், இன்னும் பழகவில்லை. எங்கள் ஆடுதுறையில் தீபாவளிக்கு நாலு மாதம் முன்னாலேயே ஒருவன் வெடி வெடித்திருந்தால் ஊரே சேர்ந்து அவனைக் குணசீலத்துக்குக் கூட்டிப் போயிருக்கும்.

நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகிறது. தினமும் வயல் குறிப்பேடு எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதற்காக இந்த நோட்டு.

என் மனைவி செனைடா, ஊருக்குச் செனி, காலையிலிருந்து போனும் கையுமாக இருக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூட வகுப்பு படிப்பை முடித்து இது நாற்பதாம் ஆண்டு. டிசம்பர் 22 பழைய மாணவர் விழா. நாற்பதாம் ஆண்டுக்காரர்கள் கட்டாயம் மேடை ஏறி ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்பது இங்கே வழக்கம். போனில் குழு அமைத்து அறுபத்து மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். நிமிஷத்துக்கு ஒரு தரம் 'டிங்' என்கிறது.

"யார் யார் வராங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்னா எல்லாரும்தான், ஷிவா."

சிவகொழுந்து என்ற பெயர் இந்த ஊர் வாயில் நுழையாது. வீட்டில் நாங்கள் பேசுவது தகாலோக், ஆங்கிலம், தமிழ் மூன்றும் குழைந்த பொங்கல். இங்கே தமிழாக எழுதிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 8, சனி

மேடையில் டிஸ்கோ ஆடப் போகிறார்களாம். ஜோடிகள் 1978 பிரிவுபசார நடனத்தில் இருந்த அதே ஜோடிகள். அன்றைக்குச் செனியோடு ஆடியவன் ரெனாட்டோ. எல்லோருக்கும் நாட்டோ. இப்போது கனடாவில் இருக்கிறான். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. நவம்பரில் வருகிறான்.

இதையெல்லாம் நான் கேட்காமலேயே செனி சொன்னாள். கேட்காமல் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டுச் சொல்லியிருந்தாலும் பிடித்திருக்காது.

நாட்டோ வரும்வரை ஒத்திகையில் அவன் இடத்தில் நிற்க ஆள் வேண்டுமாம். நான் நிற்கிறேன் என்றேன். செனி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

செப்டம்பர் 22, சனி

கூரை போட்ட பேஸ்கட்பால் மைதானத்தில் ஒத்திகை. ஐம்பத்தாறு வயசுப் பெண்கள் இருபது பேர், தொப்பையோடு ஆண்கள் பதினெட்டு பேர், நான் ஒரு பதிலி.

பாட்டு தொடங்கியதும் எந்த இடத்தில் கை தட்ட வேண்டும் என்று அவர்கள் அத்தனை பேருக்கும் தெரிகிறது. யாரும் சொல்லித் தரவில்லை. நான் மட்டும் தட்டி முடித்த பிறகு தட்டினேன். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். தரை வழுக்குகிறது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

இடைவேளையில் நூடுல்ஸ் தின்றுகொண்டே பழங்கதை பேசினார்கள். மத்தியான டிவி நிகழ்ச்சிக்காகப் பள்ளிக்கூட மதிலேறிக் குதித்தது. பெட்டிக்கடையில் காமிக்ஸ் வார இதழை வாடகைக்கு எடுத்து அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்துத் திருப்பிக் கொடுத்தது. பானெட்டில் வெள்ளிக் குதிரை வைத்த ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் காசைக் கைமாற்றிக் கைமாற்றி டிரைவரிடம் சேர்த்தது. இப்போது ஜீப்னிக்குப் பதிலாக ஏசி வண்டி, காசுக்குப் பதிலாக அட்டை. பக்கத்தில் இருப்பவன் உள்ளங்கை எப்படி இருக்கும் என்றே யாருக்கும் தெரியாது என்று ஒருத்தி அங்கலாய்த்தாள்.

செனியின் விரலை நான் முதலில் தொட்டது அப்படிக் காசு கைமாற்றும்போதுதான். 85-ல். ஆனால் அதே தடத்தில் எனக்கு முன்னால் பத்து வருஷம் அவள் போயிருக்கிறாள். எத்தனை பேர் காசு கொடுத்திருப்பார்கள்!

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இவர்கள் எல்லோர்மீதும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இவர்களுக்கு ஒரு பாட்டின் முதல் அடி போதும், செனி வாயைத் திறந்து சிரிக்கிறாள். என்னோடு இருக்கும்போது மூக்கால் சிரிக்கிறாள்.

செப்டம்பர் 29, சனி

செனியின் காலை மிதித்துவிட்டேன். அவள் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து என் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

அக்டோபர் 14, ஞாயிறு

எங்கள் மகள் கயல் மக்காத்தியிலிருந்து வந்திருந்தாள். இரவெல்லாம் அமெரிக்கர்களின் புகாரைக் கேட்கிற வேலை. பகலில் கொரியத் தொடர். விழாவில் போட அம்மாவின் வாழ்க்கையை வீடியோவாக்குகிறாளாம். போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"அப்பா, நீ எப்படி தகாலோக் கத்துக்கிட்ட?"

"ரேடியோ நாடகம் கேட்டு."

"அம்மாவுக்குக் குடுத்த முதல் பரிசு என்ன?"

எங்கள் வீட்டுப் புராணமே இதுதான். செனி ஒரு காமிக்ஸ் தொடர்கதையை இரண்டு வருஷம் விடாமல் படித்து, அம்மைக்கட்டு வந்து படுத்ததில் கடைசி அத்தியாயத்தைத் தவறவிட்டாள். கடையிலிருந்த பிரதி கிழிந்து போய்விட்டது. 1986 ஜூனில் அவள் பிறந்தநாளன்று, பக்கத்து வீட்டில் குடியிருந்த கறுத்த இந்தியன் அந்த இதழைக் கொண்டுபோய் நீட்டினான். மணிலாவின் பழைய புத்தகக் கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து பிடித்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது, அந்த இதழ்தான் வேணும்னு?"

"மனசு சொல்லிச்சு."

கயல் உருகிப்போனாள். செனி சிவப்புச் சட்டைக்கு ஜிகினா தைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

நவம்பர் 1, வியாழன்

கல்லறைத் திருநாள். மாமியார் கல்லறையைக் கழுவி, மெழுகுவத்தி ஏற்றி, பக்கத்திலேயே பாய் விரித்துச் சாப்பிட்டோம். இரண்டு கல்லறை தள்ளி ஒரு குடும்பம் பாட்டுப் பெட்டியோடு வந்து மைக் பிடித்துப் பாடியது. பாடி முடித்ததும் பெட்டி மார்க் போடும். செத்தவருக்கு முன்னால் தொண்ணூற்றெட்டு வாங்கி ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

செனிக்கு டிங், டிங். நாட்டோ அனுப்பிய பரிசுப் பெட்டி கப்பலில் வந்து சேர்ந்துவிட்டதாம்.

நவம்பர் 11, ஞாயிறு

போன் குழுவில் யாரோ பழைய கறுப்புத் தொலைபேசியின் படத்தைப் போட்டு, 'பார்ட்டி லைன் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?' என்று கேட்டிருக்கிறார்கள். நாற்பத்தேழு பேர் பதில். செனி எனக்கு வாசித்துக் காட்டினாள்.

கயலுக்கு விளங்கவில்லை. விளக்கினேன். அப்போது தொலைபேசி கிடைக்கப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். அதனால் ஒரே கம்பியை இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நம்பர் வேறு வேறு. ஆனால் ஒரு வீட்டில் பேசும்போது மறு வீட்டில் எடுத்தால் பேச்சுக் கேட்கும். ஒரு வீட்டில் ரிசீவரை எடுத்துத் தனியே வைத்துவிட்டால் மறு வீட்டுக்கு அழைப்பே வராது. அவசரம் என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, 'கொஞ்சம் கீழே வையுங்கள்' என்று கேட்க வேண்டியதுதான்.

"உங்க பார்ட்டி லைன் யாரோட, அப்பா?"

"உங்கம்மா வீட்டோட."

"ஐயோ! அப்போ அம்மா பேசுறதை நீ கேட்டிருக்கியா?"

ஒன்றிரண்டு தடவை தவறுதலாக எடுத்திருப்பேன். உடனே வைத்துவிட்டேன். அப்படித்தான் அவளிடம் சொன்னேன்.

நவம்பர் 17, சனி

நாட்டோ வந்துவிட்டான். ஒத்திகைக்கு நானும் போனேன். கூப்பிடவில்லை, போனேன்.

தலைக்குச் சாயம். முழங்காலில் பட்டை. இரண்டு சுற்று ஆடினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் கை தட்டும் இடம் தெரிகிறது. ஜோடியை எல்லோரும் கேலி செய்வது இங்கே ஒரு விளையாட்டு. அவன் செனியின் இடுப்புக்கு அரை அடி தள்ளிக் கையை வைத்ததும் அத்தனை பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி "அய்யீ!" என்று கூவினார்கள். நானும் கூவினேன். கூவாவிட்டால் தெரிந்துவிடும்.

எனக்கு ஒரு தொப்பியும் ஒரு புட்டி மேப்பிள் பாகும் கொண்டு வந்திருந்தான். "பரே," என்று என் தோளைத் தட்டினான். இங்கே ஆண்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பரே, நீ பாக்கியசாலி."

திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 25, ஞாயிறு

செனி பாத்திரம் தேய்க்கும்போது முனகுகிறாள். டிஸ்கோ இல்லை, ஏதோ பழைய காதல் பாட்டு. முப்பது வருஷத்தில் இந்தப் பாட்டை அவள் முனகி நான் கேட்டதில்லை.

இல்லை, கேட்டிருக்கிறேன். போனில். அவன் கேட்கிறான் என்று நினைத்துப் பாடினாள்.

டிசம்பர் 2, ஞாயிறு

பொய் எழுதி நோட்டை நிரப்புவதில் பிரயோஜனம் இல்லை. இதை நான்தானே படிக்கப் போகிறேன்.

ஒன்றிரண்டு தடவை இல்லை. 1985 ஆகஸ்டிலிருந்து ஐந்து மாதம், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு. நாட்டோ அவனுடைய அத்தை கடையிலிருந்து கூப்பிடுவான். ரிசீவரின் வாய்ப்பக்கத்தைத் துண்டால் சுற்றிவிட்டுக் கேட்பேன். முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டேன். நான் தகாலோக் கற்றுக்கொண்ட ரேடியோ நாடகம் அதுதான். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு, அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். பேச ஆள் கிடையாது.

காமிக்ஸ் விஷயமும் அவள் அவனிடம் சொன்னது. அவன் 'தேடித் தருகிறேன்' என்றான். 86 ஜனவரியில் வேலைக்காகச் சவூதிக்குப் போய்விட்டான். நான் தேடினேன்.

இத்தனையும் எழுதிவிட்டேன். இன்னொன்று பாக்கி. அதை எழுதக் கை வரவில்லை.

டிசம்பர் 9, ஞாயிறு

ஒத்திகை முடிந்து நாட்டோ அவளை வீடுவரை கொண்டுவந்து விட்டான். வாசலில் பத்து நிமிஷம் பேசிக்கொண்டு நின்றார்கள். ஜன்னலை ஒட்டி நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காலமே வசதி.

"என்ன பேசினீங்க?"

"அவன் மனைவியைப் பத்தி. கடைசி ஆறு மாசம் பேச்சே போயிடுச்சாம்."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் பொறாமை குறையவில்லை.

டிசம்பர் 22, சனி

விழா. பகல் பன்னிரண்டுக்குள் ஆடி முடித்துவிட்டார்கள். சிவப்புச் சட்டையில் செனி நன்றாகத்தான் ஆடினாள். கயலின் வீடியோவும் ஓடியது. பெரிய திரையில் என் மூஞ்சி வந்து, 'மனசு சொல்லிச்சு' என்றது. கைதட்டல். நாட்டோவும் தட்டினான்.

சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர். நாட்டோ எங்களுக்கு எதிரே. கொஞ்சம் பீர் குடித்திருந்தான்.

"செனி, ஒண்ணு கேக்கட்டுமா? முப்பத்திரண்டு வருஷமாச்சு, இனிமே கேட்டா என்ன," என்றான். "86 செப்டம்பர்ல உனக்கு லெட்டர் போட்டேன். அக்டோபர் மூணாந்தேதி வெள்ளிக்கிழமை, உங்க நேரம் அஞ்சுலேருந்து ஆறுக்குள்ள கூப்பிடுறேன், ஒரே ஒரு கேள்வி கேப்பேன், சரின்னு சொன்னா டிசம்பர்ல வந்துடுறேன்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றாள் செனி.

"ஒரு மணி நேரம் டயல் பண்ணேன். பிஸி. பிஸி. பிஸி. பின்னாடி வரிசையில நின்னவன்லாம் திட்டுறான். சரி, இவ வேற யாரோடயோ பேசிட்டிருக்கான்னு விட்டுட்டேன்."

"அய்யீ! யாரோட பேசிட்டிருந்த, செனி?" என்று மேசையே கூவியது. இந்தத் தடவை என்னால் கூவ முடியவில்லை.

செனி மெதுவாக மென்று விழுங்கினாள். "யாரோடயும் இல்ல. எங்கம்மா. ரிசீவரை ஒழுங்கா வைக்கவே மாட்டாங்க. அன்னிக்கும் அப்படித்தான் வெச்சுட்டுப் போயிருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். செத்துப்போன மாமியாருக்காக ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். செனி என்னிடம் நூடுல்ஸை நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன்.

மாமியார் போனைத் தொடவே பயப்படுவாள். அது செனிக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

டிசம்பர் 23, ஞாயிறு

அக்டோபர் 3, 1986. அந்தக் கடிதத்தைச் செனி தன் அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டியதை நான் கேட்டிருந்தேன். 'என்ன சொல்லப் போறே?' என்று அக்கா கேட்டாள். செனி சிரித்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்பதற்கு அதுவே போதும்.

வெள்ளிக்கிழமை வயலிலிருந்து நாலரைக்கே வந்துவிட்டேன். ஐந்தடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது ரிசீவரை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். காதில் வைக்கத் தைரியம் இல்லை. ஆறு மணிவரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ரிசீவரை எடுத்துப் போன்மேல் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். 88-ல் எங்களுக்குக் கல்யாணம்.

இன்று காலை சமையலறையில் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை களைந்துகொண்டே இருந்தாள். ஐந்து தண்ணீர், ஆறு தண்ணீர். பிறகு குக்கரில் போட்டாள்.

"சரி," என்றாள்.

டிசம்பர் 24, திங்கள்

பேசவில்லை. நடு இரவு விருந்துக்கு உறவு ஜனம் இருபது பேர். எல்லோரிடமும் பேசுகிறாள்.

டிசம்பர் 25, செவ்வாய்

பேசவில்லை. என்னைத் தவிர எல்லோருக்கும் பரிசு கொடுத்தாள். "அப்பா, என்ன பண்ணித் தொலைச்ச?" என்று கயல் காதில் கேட்டாள்.

டிசம்பர் 26, புதன்

எனக்கு மீன் வால்.

டிசம்பர் 27, வியாழன்

பேசினாள்.

"செத்துப்போன எங்கம்மா மேல உனக்காகப் பழி போட்டேன். அத்தனை பேர் முன்னாடி. நாட்டோ ஞாயித்துக்கிழமை விமானம் ஏறுறான். அதுக்குள்ள நீயே அவன்கிட்டச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

"சொன்னா என்னைப் பத்தி என்ன நெனைப்பான்?"

"என்ன நெனைக்கணுமோ அதைத்தான்."

டிசம்பர் 28, வெள்ளி

காலை பத்து மணிக்கு நாட்டோவைக் கூப்பிட்டேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். துண்டு சுற்றிக் கேட்டது, காமிக்ஸ், தலையணை, ஒன்றுவிடாமல் சொன்னேன். தகாலோக்கில்தான் சொன்னேன். அவனிடமிருந்து கற்ற பாஷை, அவனிடமே அதற்கு உபயோகப்பட்டது.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். வைத்துவிட்டிருந்தாலும் நியாயம்தான்.

"நீ பண்ணினது அசிங்கம், பரே," என்றான். "சவூதியில அந்த ராத்திரி நான் சாப்பிடல."

"மன்னிச்சிடு."

"இரு. முழுசாச் சொல்லிடுறேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் போன் இருந்துச்சு. வரிசையும் இருந்துச்சு. நான் போய் நிக்கல. ரோஷம். அதுக்கடுத்த வாரமும் நிக்கல. ஒரு மணி நேரம்தான் உன் கணக்கு. மிச்சமெல்லாம் என் கணக்கு." பிறகு, "செனியோட அம்மா பேரை நான் குழுவுல சரி பண்ணிடுறேன். போன் கம்பெனி பழுதுன்னு எழுதுறேன். உன் பேரை எழுத மாட்டேன்," என்றான்.

அவன் இவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போனை வைத்ததும் எனக்குள் ஒரு குதியாட்டம். அடுத்த வாரம் அவன் கூப்பிடவில்லை! கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை! முப்பத்திரண்டு வருஷமாக நான் சுமந்தது வெறும் ஒரு மணி நேரம்.

செனி சந்தைக்குப் போயிருந்தாள். வாசலிலேயே காத்திருந்தேன்.

டிசம்பர் 29, சனி

நேற்று மீதியை எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

சந்தைப் பையை வாங்கிக்கொண்டே சொன்னேன். "சொல்லிட்டேன். அவனும் ஒண்ணு சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் கூப்பிடவே இல்லையாம். ரோஷமாம். நான் போனை எடுத்து வெச்சதால மட்டும் இல்ல, செனி."

அவள் படியில் உட்கார்ந்தாள். நான் எதிர்பார்த்த மாதிரி முகம் மாறவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"அவன் கூப்பிடலைங்கறதா?"

"இல்ல, நீதான் ரிசீவரை எடுத்து வெச்சேன்னு. அந்தக் காமிக்ஸ் விட்டுப்போனதை நான் நாட்டோகிட்ட மட்டும்தான் சொன்னேன். போன்ல. ஜூன்ல நீ அதைக் கொண்டு வந்து நீட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு, யார் கேட்டுட்டிருக்கான்னு. மனசு சொல்லிச்சாம்!"

எனக்கு உட்கார இடம் தேவைப்பட்டது. அவள் நகரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"அந்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். டயல் சத்தம் இல்ல. உன் வேலைதான்னு புரிஞ்சுது. செருப்பை மாட்டிக்கிட்டேன். வந்து உன் கதவைத் தட்டி, கீழே வைடான்னு சொல்ல."

"ஏன் வரல?"

"எங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உன் வீடு பன்னிரண்டு அடி தூரம். அங்கேயே நின்னேன்." பையிலிருந்து கீரையை எடுத்து வேர் கிள்ளத் தொடங்கினாள். "தட்டினா நீ திறப்பே. திருட்டு முழி முழிப்பே. அந்த மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டா, அப்புறம் எனக்கு உன்னைப் பிடிக்காது. அவன் போன் வேணுமா, உன் மூஞ்சி வேணுமான்னு நின்னேன். அப்புறம் செருப்பைக் கழட்டிட்டேன்."

வேறு எவனாவது இருந்தால் அந்த இடத்தில் அவள் காலில் விழுந்திருப்பான். அழுதிருப்பான். எனக்கு முதலில் வாயில் வந்தது வேறு. கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன்.

"எவ்வளவு நேரம் நின்ன?"

கீரையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். எனக்காகச் செத்த அம்மாமீதே பொய் சொன்னவள்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள்.

"அஞ்சே முக்கால் வரைக்கும்."

முக்கால் மணி நேரம் அவனுக்காகச் செருப்போடு நின்றிருக்கிறாள். எனக்குக் கிடைத்தது கடைசிக் கால் மணி நேரம். முப்பது வருஷமாக நான் அதில்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.